ஒன்றரை இஞ்சு

இந்தச் சுவர் மழை பார்க்கப் பிறந்ததில்லை.
போன தைவரை அடுக்களைக்குள் இருந்தது.
பணகுடியில் அண்ணன் தம்பி பாகம் பிரிந்து
தம்பி தன் பாதியை இடித்துத் தள்ளியதும்
உள்சுவர்
ஒரே நாளில் வெளிச்சுவர் ஆனது.

நீலச் சுண்ணாம்பு பாதி, புகைக்கரி பாதி.
சிலுவை மாட்டியிருந்த இடத்தில்
சிலுவை அளவுக்கு ஒரு வெளுப்பு.
சுவிட்சுப் பெட்டியைப் பிடுங்கிய குழியில்
பல்லி குடியிருந்தது.
ஒயர் போன துளை அந்தப் பக்கம்வரை.

வைகாசி முடிகிறது.
மகேந்திரகிரியில் காற்று கிளம்பிவிட்டது.
சாரல் இங்கே நின்றுகொண்டு வராது,
படுத்துக்கொண்டு வரும்.
மண்சாந்துக் கட்டு, பூச்சு பிடிக்காது.
'பலகையே அடிச்சிருங்க' என்றாள் அருள்சீலி,
தோகாவில் இருக்கும் புருசனிடம்
இரண்டு ராத்திரி கணக்குப் பேசிவிட்டு.

வள்ளியூரிலிருந்து குட்டியானையில் ஏற்றிவந்தேன்.
நாற்பத்தெட்டுப் பலகை, பத்தடி நீளம்,
மரவரி ஓடும் சிமெண்ட்.
மரமென்று ஏமாறக் கரையான்கூட வராது.

தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால்
காற்றில் ஊஞ்சல் ஆடுகிறது.
வாளித் தண்ணீரில் அதை முக்கிவைத்து
அடங்கும்வரை ஒரு பீடி.
அடங்கியதும் சொன்னது:
சுவர் முக்கால் இஞ்சு சாய்ந்திருக்கிறது.

'யார் பக்கம்?'
என் முதுகுக்குப் பின்னால் சந்தியாகு.
அவர் கையில் அவருடைய டேப்.

சட்டம் ஒரு இஞ்சு.
பலகைமேல் பலகை ஏறுவதில் இன்னும் அரை.
'சுவர் மட்டுக்கும் மதினிக்கு.
வெளியே வாற ஒன்றரை இஞ்சும் என் மண்ணுல்லா?'
மண் இல்லை அண்ணாச்சி, காத்து.
பலகைக்குப் பின்னால காத்து ஓடணும்,
இல்லாட்டா ஈரம் உள்ளயே தங்கிரும்.
'காத்தும் என்னதுதான் வே.'

'கேட்டியளா' என்று
சுவருக்குள் ஒரு குரல்.
எனக்குச் சொன்னதா, தோகாவுக்கா
தெரியவில்லை.

தரையிலிருந்து ஆறு இஞ்சு விட்டு
முதல் வரிசை.
ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு அறுத்தேன்;
முருங்கை வெளுத்துப்போனது.
அறுத்த வாய்க்கெல்லாம் ப்ரைமர் தடவ வேண்டும்.
விட்டுப்போன வாய் தண்ணீர் குடிக்கும்,
குடித்தது ஊதும், ஊதியது உதிரும்.
கொடைக்குப் போன இசக்கிராசா
மூன்றாம் நாளும் வரவில்லை.
ஒற்றை ஆளாகப் படுக்கையாய்த் தூக்கியதில்
நடுவில் ஒன்று முறிந்தது,
பப்படம்போலச் சத்தம்.

எட்டாவது வரிசை, நெஞ்சு உயரம்.
காற்று பலகையைப் பாயாக விரித்து
என்னையும் சேர்த்துத் திருப்பியது.
மறுமுனை திடீரென நின்றது.
சந்தியாகு பிடித்திருந்தார்.
பிடியுங்கள் என்று நான் கேட்கவில்லை.

பலகை மூடப்போகும் இடத்தில்
பென்சில் எழுத்து:
கியாஸ் சவரியான், பத்து எண்கள்.
'இரும் வே.'
பலகையைத் தோளுக்குக் கொடுத்து
ஒரு கையால் போனை எடுத்து அமுக்கினார்.
ஏழாவது எண்ணில் கரி படிந்திருந்தது.
'இது மூணா, எட்டா?'
எட்டு மாதிரி இருக்கு என்றேன்.

சுவிட்சுக் குழியிலிருந்து வந்தது:
'மூணு.'

பல்லி மேலே ஏறிப்போனது.
சந்தியாகு எட்டை அழித்துவிட்டு
மூன்றைப் போட்டார்.
போனைப் பைக்குள் வைத்தார்.
ஒரு நிமிசம்போலக் குழியைப் பார்த்தார்.

'ஸ்குரூவ ஏத்தும்.
ஒன்றரை இஞ்சுக்கும் பத்திரத்தில
எழுதி வாங்காம விடமாட்டேன், பாத்துக்கிடும்'
என்று சொல்லி
இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார்.

மேலே
இன்னும் பதினைந்து வரிசை.